ஹெமிங்ஸ் வம்சம்: நான்கு பிள்ளைகள், நான்கு சுவடுகள்

1870-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஒஹாயோ மாநிலம், ராஸ் கவுண்டி. வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, தொழில், நிறம் என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்த வில்லியம் வீவர் என்ற கணக்கெடுப்பாளர், ஒரு வீட்டில் மட்டும் வழக்கத்தை மீறினார். மேடிசன் ஹெமிங்ஸ் என்ற பெயருக்கு அருகே, எந்தக் கட்டத்திலும் சேராமல், தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவைத்தார்: இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன்.

சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரும் நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியுமான ஜெஃபர்சன் இறந்து அப்போது 44 வருடம் ஆகியிருந்தது. ஊரறிந்த அவருடைய வாரிசுகள் எல்லோரும் மார்த்தா, மரியா என்ற இரண்டு மகள்கள் வழி வந்தவர்கள். ஒஹாயோவில் வசிக்கும் கலப்பின மகன் ஒருவருக்கு அந்தக் குடும்ப மரத்தில் இடமே கிடையாது.

ஓரக்குறிப்பைத் துப்பு என்று சொல்லலாம், சான்று என்று சொல்ல முடியாது. அந்தத் துப்பு சான்றாக மாறக் கிட்டத்தட்ட 130 வருடம் பிடித்தது. வம்சாவளி தேடுகிறவர்கள் இந்த வழக்கைக் கட்டாயம் படிக்கவேண்டும் என்று நான் சொல்லிவருவதற்கு ஜெஃபர்சனின் புகழைவிட முக்கியமான காரணம் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகள் நால்வர். ஒருவரின் கிளையில் கதை பத்திரமாக இருந்தது, மரபணுச் சோதனைக்கு ஆள் இல்லை. இன்னொருவரின் கிளையில் மரபணு இருந்தது, கதையை மாற்றிவிட்டார்கள். மற்ற இருவரும் காகிதத்திலிருந்தே மறைந்துபோனார்கள். அடிமையாக இருந்தவரை தவறாமல் பெயர் எழுதப்பட்டவர்கள், சுதந்திரம் கிடைத்ததும் பதிவேட்டிலிருந்து காணாமல் போகிறார்கள்.

பண்ணைக் கணக்கில் ஒரு குடும்பம்

1662-ல் வர்ஜீனியா காலனி ஒரு சட்டம் போட்டது. பிறக்கும் குழந்தை அடிமையா, சுதந்திரமானதா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்றது அது. இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் பிள்ளையின் நிலை தகப்பனை ஒட்டியது; இங்கே அதைத் தலைகீழாக்கினார்கள். வெள்ளை எஜமானுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறக்கும் பிள்ளை அவனுக்கு வாரிசாகாமல் சொத்தாகிவிடும். இந்தக் கொடுமைக்கு ஒரு விசித்திரமான பக்கவிளைவு: யாருடைய பிள்ளை யாருக்குச் சொந்தம் என்று நிரூபிக்க வேண்டியிருந்ததால், தாய்வழி கவனமாக எழுதப்பட்டது. தகப்பன் பெயர் எழுத அவசியமே வரவில்லை.

இந்த வம்சத்தின் மூலத்தாய் எலிசபெத் ஹெமிங்ஸ். எல்லோரும் பெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். 1735 வாக்கில் பிறந்தவர். அவருடைய தாய் ஆப்பிரிக்கப் பெண், தகப்பன் ஹெமிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் கேப்டன் என்று பேரன் மேடிசன் பின்னாளில் சொன்னார். ஜான் வேல்ஸ் என்ற வழக்கறிஞர் கல்யாணம் செய்துகொண்டபோது, மனைவி வீட்டுச் சொத்தோடு பெட்டியும் அவர் கைக்கு வந்தார். வேல்ஸ் தோட்ட முதலாளி, அடிமை வியாபாரத்திலும் கைவைத்தவர். மனைவிகள் இறந்தபிறகு பெட்டியிடம் அவருக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசிப் பெண் சாலி பிறந்தது 1773-ல். அதே வருடம் வேல்ஸ் இறந்தார். 11,000 ஏக்கர் நிலமும், 135 அடிமைகளும், தலைக்குமேல் கடனும் அவர் மகள் மார்த்தா வழியாக மருமகனுக்கு வந்தன. மருமகன் தாமஸ் ஜெஃபர்சன்.

அதாவது, ஜெஃபர்சனின் மனைவியும் சாலியும் ஒரே தகப்பனுக்குப் பிறந்த சகோதரிகள். இதை மேடிசன் மட்டும் சொல்லவில்லை. ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்த ஐசக் ஜெஃபர்சன் என்ற கொல்லர், 1840-களில் தன் நினைவுகளைச் சொல்லி எழுதவைத்தபோது, இவர்கள் வேல்ஸின் பிள்ளைகள் என்று ஊர் பேசியதைக் குறிப்பிட்டிருக்கிறார். ஒருவரையொருவர் பார்த்து எழுத வாய்ப்பில்லாத இரண்டு வாக்குமூலங்கள் ஒத்துப்போவது சாதாரண விஷயம் இல்லை.

ஜெஃபர்சன் 1774-ல் தொடங்கிய பண்ணைக் கணக்குப் புத்தகம்தான் இந்தத் தேடலின் முதுகெலும்பு. இன்று அது மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களைப் பார்த்தால் நம் ஊர் மளிகைக்கடை நோட்டு மாதிரியே இருக்கும். பொடி எழுத்தில் தாயின் பெயர், அதற்குக் கீழே சற்று உள்தள்ளிப் பிள்ளைகளின் பெயர்கள், பக்கத்தில் பிறந்த வருடம். இத்தனை கெஜம் துணி, இத்தனை மீன், இந்த வருடம் கம்பளி உண்டா இல்லையா. கம்பளி மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். வேறு சில குடும்பங்களில் தகப்பன் பெயரும் இருக்கும். சாலியின் பிள்ளைகளுக்கு இல்லை.

இந்தப் புத்தகம் எவ்வளவு பெரிய வரம் என்பது மற்ற ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணைகளில் எஜமான் பெயர் இருக்கும். அவருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். அடிமையின் பெயர் இருக்காது. விடுதலையானவர்கள் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870-ல் நடந்ததுதான். அதற்கு முன்னால் போக நினைப்பவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் என்பதால் அதை 1870 சுவர் என்றே சொல்கிறார்கள். ஹெமிங்ஸ் குடும்பத்துக்கு அந்தச் சுவர் இல்லை. பெட்டியும் அவர் வழி வந்தவர்களுமாக 75 பேருக்கு மேல் மாண்டிசெல்லோவில் அடிமைகளாக வாழ்ந்தது பெயரோடு பதிவாகியிருக்கிறது.

மூத்த மகளின் கிளை

சாலியிடம் போவதற்கு முன் பெட்டியின் மூத்த மகள் மேரியின் கிளையைப் பார்த்துவிட வேண்டும். பத்திரங்களை மட்டும் வைத்தே ஒரு கிளையை எவ்வளவு தூரம் பின்தொடரலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஜெஃபர்சன் பிரான்ஸில் இருந்த காலத்தில் மேரியை சார்லட்ஸ்வில் வணிகர் தாமஸ் பெல்லிடம் வாடகைக்கு விட்டிருந்தார்கள். பெல்லுக்கும் அவருக்கும் இரண்டு பிள்ளைகள். 1792-ல் மேரி தன்னை பெல்லுக்கே விற்றுவிடும்படி கேட்டார். ஜெஃபர்சன் சம்மதித்தார், ஆனால் மேரியோடு சேர்த்து பெல்லின் இரண்டு பிள்ளைகளைத்தான் கொடுத்தார். மேரியின் மூத்த பிள்ளைகளான ஜோசப் ஃபாசெட்டையும் பெட்ஸியையும் பண்ணையிலேயே வைத்துக்கொண்டார். விற்பனைப் பத்திரமே இங்கே குடும்பம் எந்த இடத்தில் வெட்டுப்பட்டது என்று காட்டிக்கொடுக்கிறது.

ஜோசப் ஃபாசெட் பண்ணையின் கொல்லர் ஆனார். 1826 ஜூலை 4 அன்று ஜெஃபர்சன் இறந்தபோது, உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை எழுதியிருந்தார். ஐவரும் ஹெமிங்ஸ் குடும்பத்தவர். ஜோசப் அவர்களில் ஒருவர். அவர் மனைவி எடித்தும் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. கடனை அடைக்க 130 அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். எடித்தும் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கமாக விற்கப்பட்டார்கள். மகன் பீட்டருக்கு 11 வயது.

அப்புறம் ஜோசப் செய்தது பட்டறையில் உழைத்துச் சம்பாதித்து, தாய் மேரியின் குடும்பத்தார் உதவியோடு, சொந்த மனைவி மக்களைக் காசு கொடுத்து வாங்கியதுதான். 1837-ல் அவர் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரத்தில் மனைவி, ஐந்து பிள்ளைகள், நான்கு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தகப்பன் தன் பிள்ளைகளுக்கு எஜமானாகக் கையெழுத்துப் போட்ட பத்திரம் அது. பின்னர் ஒஹாயோவின் சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்தார்கள். பீட்டர் மட்டும் மாட்டிக்கொண்டார். தப்பியோடிப் பிடிபட்டு, 1850-ல்தான் விடுதலையாகி வந்து சேர்ந்தார். பிறகு பாப்டிஸ்ட் போதகர் ஆனார். 1900-ல், தான் விற்கப்பட்ட மாண்டிசெல்லோவுக்கு விருந்தாளியாகப் போய்வந்தார்.

ஜோசப்பின் மகள் எலிசபெத் ஆன், டக்கர் ஐசக்ஸ் என்பவரை மணந்தார். அவர்கள் மகள் வர்ஜீனியா. வர்ஜீனியாவின் மகன் வில்லியம் மன்ரோ ட்ராட்டர், பாஸ்டனில் கார்டியன் என்ற பத்திரிகையைத் தொடங்கியவர். அரசு அலுவலகங்களில் நிறப்பிரிவினை கொண்டுவந்ததற்காக 1914-ல் வெள்ளை மாளிகைக்குள்ளேயே ஜனாதிபதி வில்சனை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர் இவர்தான். பெட்டியிலிருந்து ட்ராட்டர்வரை ஆறு தலைமுறை. ஒவ்வொரு கண்ணிக்கும் ஆவணம் உண்டு. டக்கர் ஐசக்ஸின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தங்கை ஜூலியா இன்னொரு கிளையில் மருமகளாக வரப்போகிறார்.

சாலியும் நான்கு பிள்ளைகளும்

1787-ல் ஜெஃபர்சனின் சின்ன மகளுக்குத் துணையாகச் சாலி பாரிஸுக்கு அனுப்பப்பட்டார். வயது 14. அண்ணன் ஜேம்ஸ் ஏற்கனவே அங்கே சமையல் பயின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சு மண்ணில் இருவருமே விடுதலை கேட்டு மனுப் போட்டிருக்கலாம். சாலி 1789-ல் திரும்பி வந்ததற்கு, தனக்குப் பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக ஜெஃபர்சன் கொடுத்த வாக்குறுதிதான் காரணம் என்கிறார் மேடிசன்.

சாலியின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் நான்கு பேர்: பெவர்லி 1798, ஹாரியட் 1801, மேடிசன் 1805, எஸ்டன் 1808. ஜெஃபர்சனே தகப்பன் என்ற செய்தி ஜேம்ஸ் கலெண்டர் என்ற பத்திரிகையாளரால் 1802 செப்டம்பரில் ரிச்மண்ட் பத்திரிகை ஒன்றில் அச்சேறியது. அவர் ஜெஃபர்சனிடம் பதவி கேட்டுக் கிடைக்காத கோபத்தில் எழுதியவர். அதனால் 'வயிற்றெரிச்சல்காரன் பேச்சு' என்று அதை ஒதுக்கித்தள்ள வசதியாகப் போயிற்று.

இனி ஒரு சட்ட விசித்திரம். அன்றைய வர்ஜீனியா சட்டப்படி நான்கில் ஒரு பங்குக்குக் கீழே ஆப்பிரிக்க ரத்தம் உள்ளவர் வெள்ளையர். சாலியின் பிள்ளைகளுக்கு எட்டில் ஒரு பங்கு. ஆக, சட்டப்படி அவர்கள் வெள்ளையர்கள். தாய் அடிமை என்பதால் சட்டப்படியே அடிமைகளும்கூட.

பண்ணைக் கணக்கில் பெவர்லி, ஹாரியட் பெயர்களுக்கு நேரே, 1822-ல் ஓடிப்போனதாக ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது. ஓடிப்போனவர்களைத் தேடி விளம்பரம் கொடுத்ததாகவோ ஆள் அனுப்பியதாகவோ எந்த அடையாளமும் இல்லை. மேற்பார்வையாளர் எட்மண்ட் பேக்கன் பல வருடம் கழித்துச் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: ஜெஃபர்சன் சொன்னபடி ஹாரியட்டுக்கு 50 டாலர் கொடுத்து, பிலடெல்பியா போகும் குதிரை வண்டியில் தாமே ஏற்றிவிட்டாராம். ஓடிப்போன அடிமைக்கு வழிச்செலவு கொடுத்து அனுப்புவார்களா என்ன? கணக்கில் எழுதியது ஒன்று, நடந்தது இன்னொன்று.

மேடிசனும் எஸ்டனும் உயில் வழியாக விடுதலை பெற்றார்கள். தாயோடு சார்லட்ஸ்வில்லில் குடியிருந்தார்கள். 1830 கணக்கெடுப்பில் அந்தக் குடும்பம் வெள்ளையர் பட்டியலில் இருக்கிறது. 1833-ல் சுதந்திரக் கறுப்பர்களை மட்டும் எண்ணிய தனிக் கணக்கெடுப்பில் சாலி கலப்பினத்தவர். மூன்று வருடத்தில் அவர் தோலின் நிறம் மாறிவிடவில்லை, எண்ணியவரின் கண்தான் மாறியது. நிறம் என்ற கட்டத்தை வைத்து ஒருவரை அடையாளம் காண முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது. சாலி 1835-ல் இறந்தார். அடுத்த சில வருடங்களில் மகன்கள் இருவரும் குடும்பத்தோடு ஒஹாயோவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மேடிசன் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும்

1873 மார்ச்சில் பைக் கவுண்டி ரிபப்ளிகன் என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் மேடிசனின் வாழ்க்கைக் கதை வந்தது. தச்சு வேலை பார்த்து வாழ்ந்த 68 வயது மனிதர் பாட்டியின் தாயில் தொடங்கித் தன் பிள்ளைகள்வரை பெயர் பெயராகச் சொல்கிறார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரலாற்றாசிரியர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. பத்திரிகை ஆசிரியர் குடியரசுக் கட்சிக்காரர், ஜெஃபர்சனின் கட்சியை மட்டம்தட்ட எழுதவைத்திருப்பார் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

வாக்குமூலத்தை நம்புவதா கூடாதா என்று முதலில் தீர்மானிப்பது வேலைக்கு ஆகாது. அதில் சரிபார்க்கக்கூடியது என்னென்ன என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். வழக்கறிஞராகவும் இருந்த வரலாற்றாசிரியர் அன்னெட் கார்டன் ரீட் 1990-களில் செய்தது அதைத்தான். பாரிஸ் பயணம், பிள்ளைகள் பிறந்த வரிசை, அக்காவும் அண்ணனும் வெளியேறியது, உயில் என்று மேடிசன் சொன்னவற்றில் பண்ணைக் கணக்கோடும் கடிதங்களோடும் ஒப்பிட முடிந்தவை பெரும்பாலும் ஒத்துவந்தன. வெள்ளைக் குடும்பத்தின் வாய்மொழிக்குக் கொடுத்த மரியாதையில் பாதியைக்கூட இதற்குக் கொடுக்கவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

அந்த வெள்ளைக் குடும்பத்தின் வாய்மொழி என்ன? ஜெஃபர்சனின் பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப், தகப்பன் பீட்டர் கார் என்றார். பேத்தி எலன் கூலிட்ஜ் 1858-ல் எழுதிய கடிதத்தில் கைகாட்டியது சாமுவேல் காரை. இருவரும் ஜெஃபர்சனின் தங்கை மகன்கள். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்; இதை வைத்துத்தான் பல தலைமுறைப் பேராசிரியர்கள் வழக்கை மூடிவைத்திருந்தார்கள்!

மேடிசன் தம் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களும் ஒருவகையில் ஆவணம்தான். தாமஸ் எஸ்டன், வில்லியம் பெவர்லி, ஜேம்ஸ் மேடிசன், ஹாரியட், எலன் வேல்ஸ். பிரிந்துபோன அக்கா, அண்ணன், தம்பி, யாரும் வெளியில் சொல்லாத தாத்தா என்று எல்லோரும் வந்துவிடுகிறார்கள். எலன் வேல்ஸின் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனது. அவர் மகன் ஃப்ரெடரிக் மேடிசன் ராபர்ட்ஸ் 1918-ல் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர்.

எஸ்டன் பெயர் மாற்றிக்கொண்ட கதை

எஸ்டன் ஆறடிக்கு மேல் உயரம், வயலின் வித்வான். டக்கர் ஐசக்ஸின் தங்கை ஜூலியாவை மணந்து, ஒஹாயோவின் சில்லிகாத்தியில் நடனக் கச்சேரிகளுக்கு வாசித்துப் பிழைத்தார். 1850 கணக்கெடுப்பில் கலப்பினத்தவர். 1852-ல் குடும்பத்தோடு விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசனுக்குப் போனார். போகும்போது ஹெமிங்ஸ் என்ற குடும்பப் பெயரை உதறிவிட்டு ஜெஃபர்சன் என்று வைத்துக்கொண்டார். அங்கே அவர்கள் வெள்ளையர்கள். எஸ்டன் 1856-ல் இறந்தார்.

தேடுகிறவர் இங்கேதான் திணறிப்போவார். பெயர், நிறம், ஊர் மூன்றும் ஒரே நேரத்தில் மாறிவிட்டன. ஒஹாயோ எஸ்டன் ஹெமிங்ஸும் விஸ்கான்சின் ஜெஃபர்சனும் ஒரே ஆள் என்று எப்படி நிரூபிப்பது? மனைவி ஜூலியா, பிள்ளைகளின் பெயர்கள், வயது, அவர்கள் பிறந்த மாநிலம் எல்லாம் பொருந்துகின்றன. இப்படித் தனியாள் பெயரை விட்டுவிட்டு முழுக் குடும்பத்தையும் ஒரு கொத்தாகப் பின்தொடர்வதுதான் வழி. மூத்த மகனுக்கு ஜான் வேல்ஸ் என்று கொள்ளுத்தாத்தா பெயரை வைத்திருந்தது இன்னொரு துப்பு.

அந்த ஜான் வேல்ஸ் ஜெஃபர்சன் உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் 8-ஆம் காலாட்படையில் கர்னல் ஆனார். போர்க்காலத்தில் சில்லிகாத்திக்காரர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தபோது, தன் உடம்பில் கறுப்பு ரத்தம் ஓடுவதை யாரிடமும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டாராம். பல வருடம் கழித்து, 1902-ல், உள்ளூர்ப் பத்திரிகையில் இந்த விவரம் வெளிவந்தது. பத்திரிகைகளின் பழைய இதழ்களை ஏன் விடாமல் புரட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. 

20-ஆம் நூற்றாண்டில் இந்தக் கிளை இன்னொரு படி மேலே போனது. தாங்கள் ஜெஃபர்சனின் உறவினர் ஒருவர் வழி வந்தவர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கினார்கள். 1970-களில் ஜெஃபர்சனைப் பற்றிய வாழ்க்கை வரலாறு ஒன்றைப் படித்த உறவினர்தான், எஸ்டன் என்ற அபூர்வமான பெயரைப் பார்த்து, இது நம் பாட்டன் ஆயிற்றே என்று அடையாளம் கண்டார்.

ஒய் குரோமோசோம்

1998-ல் ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் யூஜீன் ஃபாஸ்டர் மரபணுச் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய மாறாமல் இறங்குவது ஒய் குரோமோசோம். ஆகவே இடையில் ஒரு மகள்கூட வராத ஆண்வழி வேண்டும். ஜெஃபர்சனுக்கு மனைவியிடம் பிறந்த ஒரே மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். அதனால் ஜெஃபர்சனின் பெரியப்பா முறையான ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழியில் வந்த ஐந்து பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். கார் குடும்பத்து ஆண்வழியில் மூவர். எஸ்டன் வழியில் கிடைத்தது ஒரே ஒருவர். மேடிசனின் கிளையில் ஒருவரும் கிடைக்கவில்லை; அவருடைய ஆண்வழி அற்றுப்போயிருந்தது.

முடிவு நவம்பர் 1998-ல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. எஸ்டன் வழியினரின் குரோமோசோம் ஜெஃபர்சன் குடும்பத்தோடு பொருந்தியது. கார் குடும்பத்தோடு பொருந்தவில்லை. ஒருவர்தானே என்று குறைத்து எண்ண வேண்டாம். வழியில் எந்தத் தலைமுறையில் தகப்பன் மாறியிருந்தாலும் பொருத்தம் வந்திருக்காது. பொருந்தியதால், எஸ்டனிலிருந்து இன்றுவரையான கண்ணிகள் எல்லாம் ஒரே அடியில் உறுதியாகிவிட்டன.

ஆனால் நேச்சர் வைத்த தலைப்பு, ஜெஃபர்சனே அடிமைப் பெண்ணின் கடைசிப் பிள்ளைக்குத் தகப்பன் என்று அடித்துச் சொன்னது. அது அதிகப்படி. சோதனை சொன்னது, தகப்பன் ஜெஃபர்சன் குடும்பத்து ஆண்களில் ஒருவர் என்பது மட்டுமே. அங்கிருந்து தாமஸ் ஜெஃபர்சனிடம் வந்து சேரக் காகிதம்தான் வேண்டும். அது இருந்தது. சாலியின் ஒவ்வொரு பிள்ளையும் கருவான காலத்தில் ஜெஃபர்சன் மாண்டிசெல்லோவில் இருந்திருக்கிறார். அவர் ஊரில் இல்லாதபோது சாலி கருவுறவே இல்லை. இத்தனைக்கும் அந்த வருடங்களில் கணிசமான காலம் அவர் வெளியூரில் கழித்தவர். மாண்டிசெல்லோவின் தொல்லியலாளர் ஃப்ரேசர் நீமன் 2000-த்தில் இதைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, தற்செயல் என்று சொல்ல இடமில்லை என்று காட்டினார். அதே வருடம் மாண்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை, சிறுவயதில் இறந்தவர்களையும் சேர்த்துச் சாலியின் ஆறு பிள்ளைகளுக்கும் ஜெஃபர்சனே தகப்பனாக இருக்கக்கூடும் என்று அறிக்கை வெளியிட்டது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2001-ல் அறிஞர் குழு ஒன்று ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபை முன்னிறுத்தியது. எஸ்டன் பிறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு, 1807 ஆகஸ்டில், தம்பியை வீட்டுக்கு அழைத்து ஜெஃபர்சன் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அழைப்பு இருக்கிறது, வந்ததற்குச் சான்று இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. கார் சகோதரர்கள் கைவிட்டுப்போனதும் அவசரமாகப் பிடித்துவந்த ஆள் என்றே எனக்குப் படுகிறது.

வாய்மொழி எப்போதும் வெல்லும் என்று நினைத்துவிடவும் கூடாது. சாலிக்குப் பாரிஸில் கருவான முதல் மகன் தாமஸ் வுட்சன் என்று ஒரு பெரிய குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தது. பல ஊர்களில் சிதறிய கிளைகள் எல்லாம் அதே கதையைச் சொன்னது உண்மை. அதே 1998 சோதனையில் வுட்சனின் இரண்டு மகன்கள் வழி வந்த ஐந்து பேரைப் பரிசோதித்தார்கள். ஜெஃபர்சன் குரோமோசோமோடு பொருந்தவில்லை. பண்ணைக் கணக்கிலும் அப்படி ஒரு பிள்ளை இல்லை. மேடிசனின் கதைக்கும் வுட்சன் கதைக்கும் இருக்கும் வித்தியாசம் அதுதான்: ஒன்றை மற்ற ஆவணங்கள் தாங்கிப் பிடித்தன, மற்றொன்றைத் தாங்க எதுவும் இல்லை.

இன்னும் திறந்திருக்கும் பக்கங்கள்

1993-ல் மாண்டிசெல்லோ தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம், பண்ணையின் அடிமைக் குடும்பங்களின் வாரிசுகளைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தது. லூசியா ஸ்டாண்டன், டயான் ஸ்வான் ரைட், பெவர்லி கிரே ஆகிய மூவரும் அதன் அச்சாணி. கறுப்பர்களாகவும் வெள்ளையர்களாகவும் வாழ்ந்த கிளைகள் ஒன்றையொன்று தெரிந்துகொண்டது பெரும்பாலும் இந்தத் திட்டத்தால்தான். ஆனால் ஜெஃபர்சனின் மகள்கள் வழி வந்தவர்களுடைய சங்கம் குடும்ப இடுகாட்டைத் தன் கையில் வைத்திருக்கிறது; 2002-ல் அது சாலியின் வாரிசுகளை உறுப்பினராக்க மறுத்து வாக்களித்தது. அறக்கட்டளையோ 2018-ல் சாலி வசித்ததாகக் கருதப்படும் அறையைப் பார்வைக்குத் திறந்துவிட்டது.

மேடிசன் கிளையின் மரபணுவுக்கு ஒரு வழி இருந்தது. அவர் மகன் வில்லியம் வடக்குப் படையில் போராடியவர், கேன்சஸ் மாநிலம் லெவன்வொர்த்தில் ராணுவக் கல்லறையில் புதைக்கப்பட்டவர். தோண்டி எடுத்துச் சோதிக்கலாம் என்று கேட்டார்கள். குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்ததை நிரூபிக்கப் பாட்டனாரின் எலும்பு எதற்கு என்ற நிலைதான். ஆராய்ச்சிக்கு நஷ்டம், ஆனாலும் அவர்கள் பக்கமே நியாயம் என்பேன்.

பெவர்லியும் ஹாரியட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பெவர்லி மேரிலாந்தில் வெள்ளைப் பெண்ணை மணந்ததாகவும், ஒரு மகள் இருந்ததாகவும் மேடிசன் சொல்கிறார். ஹாரியட் வாஷிங்டனில் வசதியான வெள்ளையர் ஒருவரை மணந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். கணவர் பெயர் தெரிந்தும் மேடிசன் சொல்லவில்லை, அக்காவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. வாஷிங்டன் திருமணப் பதிவேடுகளில் ஹாரியட் என்ற மணப்பெண்களைச் சலித்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கும் அவர் அகப்படவில்லை. ஒய் குரோமோசோம் இங்கே உதவாது. தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு உதவலாம்: பெட்டியின் ஆப்பிரிக்கத் தாயிடமிருந்து பெட்டிக்கு, சாலிக்கு, ஹாரியட்டுக்கு. பெட்டியின் மற்ற மகள்கள் வழியில், இடையில் ஆண் வராமல் இறங்கிவந்த பெண் ஒருவரின் மாதிரியோடு அதை ஒப்பிட முடியும். ஹாரியட்டுக்கு மகளும் அந்த மகளுக்கு மகளுமாக வழி அறாமல் வந்திருந்தால், தங்களை முழு வெள்ளையர் என்று நம்பும் ஏதோ ஒரு குடும்பத்துப் பெண்ணின் சோதனை முடிவில் ஆப்பிரிக்கத் தாய்வழி என்று வந்து நிற்கும். அது ஹாரியட்தான் என்று சொல்ல அதுமட்டும் போதாது. வாஷிங்டன் திருமணப் பதிவேட்டுக்கே மறுபடியும் போக வேண்டியிருக்கும். ஆனால் அப்போது எந்தக் குடும்பப் பெயரைத் தேடுவது என்று தெரிந்திருக்கும்.